பழைய கடனில் தவணை தவறியவரா? வீடு வாங்க வழி உண்டு

வீட்டுக்கடனுக்கு மனு போடும் முன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை வாங்கிப் படியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். 300 முதல் 900 வரை போகும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பழைய கடனுக்கு எதிரே 'செட்டில்டு' என்றிருந்தால், முழுத் தொகை கட்டாமல் பேசி முடித்தீர்கள் என்று பொருள், வங்கிகள் தயங்கும். முடிந்தால் மீதியையும் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என மாற்ற வங்கியிடம் சொல்லுங்கள்.

கட்டி முடித்த கடன் அறிக்கையில் பாக்கியாகவே நிற்கிறதா? உடனே வங்கியிடமோ சிபிலிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஒரே நேரத்தில் பல வங்கிகளில் மனு போடாதீர்கள், மதிப்பெண் இறங்கும். ஒரே வாரத்தில் அதை ஏற்றித் தருவதாகச் சொல்லும் தரகருக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.