துருவுக்கு முந்திக்கொள்ள

கேள்வி: பழைய வீட்டுக் கராஜில் பல்லாண்டாக ஓடாமல் கிடக்கும் காரை மீட்பது எப்படி?
– வாசகர், கொம்பனித்தெரு

பதில்: கோல்பேஸ் ஹோட்டலின் அருங்காட்சியகத்தில் உள்ள, இளவரசர் பிலிப் 1940இல் இலங்கையில் கடற்படைப் பணியிலிருந்தபோது வாங்கிய 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் காருக்குக் கிடைத்த பரிவு, பெயரில்லாத மொரிஸ் மைனருக்கும் உரியதே. அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணான செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு உரிமையை உறுதிப்படுத்தும்வரை எதையும் கழற்றலாகாது. பின்னர், உடனே ஸ்டார்ட் செய்யும் ஆசையை அடக்கி, பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறிய பிறகே எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றவேண்டும். இல்லையேல், பிஸ்டனைச் சுற்றியுள்ள, துருவேறி இறுகிய வளையங்கள் சிலிண்டர்ச் சுவரைக் கீறிவிடும். கடற்காற்று உள்ளிருந்தே அரிப்பதால், பெயின்டின் பளபளப்பை நம்பாமல், கதவடித் தகட்டையும் மட்கார்ட்டின் உட்புறத்தையும் தட்டிப் பார்ப்பது அவசியம். மந்தமான ஓசை எழும் இடத்தில் பெரும்பாலும் நல்ல தகடு மிஞ்சியிராது.