ஷ்னாசர் வளர்ப்பவர்களுக்கு: தட்டில் தொடங்கும் நோய்களும் தடுக்கும் வழிகளும்

தாடியும் மீசையும் அடர்ந்த புருவமுமாக வீட்டுக்குள் வளையவரும் மினியேச்சர் ஷ்னாசர் பார்வைக்கு உறுதியான நாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருவான இனம் இது. பண்ணைகளில் எலி பிடிப்பது இதன் முன்னோரின் வேலை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 15 ஆண்டுகள் நம்மோடு இருக்கும். ஆனால் இந்த இனத்துக்குப் பரம்பரையாக ஒரு பலவீனம் உண்டு. சாப்பிட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து நீக்கும் வேலை பல ஷ்னாசர்களுக்குச் சரியாக நடப்பதில்லை. கணைய அழற்சி, பித்தப்பைக் கோளாறு எனப் பெரிய நோய்கள் சில இதிலிருந்தே கிளைக்கின்றன. முடிவெட்டு, ஷாம்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரத்தமும் சாப்பாடும்.

ஸ்டாண்டர்ட், ஜெயண்ட் என்ற பெரிய ஷ்னாசர்களுக்கு வரும் தொல்லைகள் வேறு. ஜெயண்டுக்கு இடுப்பு மூட்டும் தைராய்டும்தான் முக்கியக் கவலை. இந்தக் கட்டுரை 5 முதல் 9 கிலோ வரை எடையுள்ள மினியேச்சருக்கு.

முதல் படி: வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை

ஒரு வயது முடிந்ததும் ஒருமுறை ட்ரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் இரண்டையும் பார்த்துவிடுங்கள். வழக்கமாக எடுக்கும் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு பல நேரங்களில் இருக்காது. கேட்டுச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு கொடுத்தால் மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிறகு இரத்தம் எடுக்கலாம். இடையில் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். ஒரு பிஸ்கட் போட்டாலும் கணக்கு கெட்டுவிடும். இன்சுலின் போடும் நாயை மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போடக் கூடாது.

ட்ரைகிளிசரைடு 500 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிவிடுவார்கள். 1000ஐ நெருங்கினால் கணையத்துக்கு ஆபத்து கூடுகிறது. அந்த அளவில் இரத்தத்தின் சீரம் பால் கலந்ததுபோல் கலங்கித் தெரியும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, குஷிங் நோய் போன்றவையும் கொழுப்பை ஏற்றும் என்பதால் அவை இல்லை என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். பிறகு கொழுப்புக் குறைந்த உணவு, தேவைப்பட்டால் மீன் எண்ணெய், அதற்கும் மசியவில்லை என்றால் மாத்திரை. நாய் சுறுசுறுப்பாகத்தானே இருக்கிறது என்று இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கொழுப்பு ஏறியிருக்கும் ஷ்னாசர் பல மாதங்கள் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும். வயது ஏற ஏற இந்தக் கோளாறு அதிகமாவதால் ஆண்டுக்கு ஒருமுறை, ஏழு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: தட்டைச் சரிசெய்தல்

நம் வீடுகளில் நாய்க்கு அன்பு பெரும்பாலும் கையிலிருந்துதான் போகிறது. பாட்டி ஒரு வாய் நெய்ச்சோறு, பிள்ளைகள் ஒரு சிப்ஸ், வந்த விருந்தாளி ஒரு வடை. வேறு இன நாய்கள் பல இதைத் தாங்கிவிடும். ஷ்னாசர் தாங்காது. கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு, நல்லி எலும்பு, தேங்காய்ப்பால், வெண்ணெய், சீஸ், எண்ணெயில் பொரித்தவை அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்துங்கள். தீபாவளி, பிறந்தநாள் போன்ற நாட்களில் இன்னும் கவனம் தேவை. ஒருநாள் விருந்தே கணையத்தைத் தாக்கப் போதும். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், வேலைக்கு வரும் அக்கா உட்பட, இதைச் சொல்லி வைக்க வேண்டும். சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வார்கள் என்று தயங்கினால் அதற்கான விலையை நாய்தான் கொடுக்கும்.

கடையில் வாங்கும் உலர் உணவின் பையில் கொழுப்பு விகிதம் அச்சிட்டிருக்கும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த கொழுப்பு என்று கொள்ளலாம். டின்னிலும் பாக்கெட்டிலும் வரும் ஈர உணவில் ஏமாந்துவிடாதீர்கள். அதில் கொழுப்பு 4 சதவீதம் என்று போட்டிருக்கும். ஆனால் 78 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள 22 பங்கில் 4 பங்கு கொழுப்பு என்றால் உண்மையில் அது 18 சதவீதம்.

வீட்டில் சமைத்துத்தான் போடுவேன் என்பவர்கள் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, சோறு, பூசணி, பீன்ஸ், கேரட் ஆகியவற்றை உப்பும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் நாள்தோறும் இதையே கொடுத்தால் கால்சியமும் வேறு சில சத்துகளும் பற்றாது. அளவையும் சேர்மானத்தையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தயிர்ச்சோறு மட்டுமே தின்று வளரும் நாய்க்குப் புரதம் போதாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த மிட்டாய் எல்லாம் எந்த நாய்க்கும் நஞ்சு. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் அதில் அடக்கம்.

பழக்கும்போது ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். வெள்ளரித் துண்டு, வேகவைத்த கேரட், ஒரு நகத்தளவு கோழி. நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கை இந்தத் தின்பண்டம் தாண்டக் கூடாது. உடம்பைத் தடவினால் விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அடர்ந்த முடி ஏமாற்றும் என்பதால் கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்.

மூன்றாம் படி: கணைய அழற்சியை அன்றே அடையாளம் காணுதல்

திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுதல், சோர்வு, வயிற்றைத் தொட்டால் முறுக்கிக்கொள்ளுதல். இன்னொரு முக்கிய அடையாளமும் உண்டு: முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி நிற்பது. தூங்கி எழுந்ததும் நாய் இப்படிச் சோம்பல் முறிக்கும். அது ஓரிரு நொடிதான். அதே நிலையில் நெடுநேரம் நின்றாலோ அடிக்கடி அப்படிச் செய்தாலோ வயிற்றில் வலி என்று பொருள்.

அப்போது கட்டாயப்படுத்தி எதையும் ஊட்ட வேண்டாம். மோர், சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர் என்று கைவைத்தியத்தில் ஒருநாளைக் கழித்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் துயரம். மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது; இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும், பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். எத்தனை முறை வாந்தி, கடைசியாக என்ன தின்றது என்று குறித்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாய்களுக்கான கணைய லைபேஸ் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் நோயை உறுதிசெய்ய உதவும். டிரிப், வாந்தியை நிறுத்தும் ஊசி, வலிக்கு மருந்து ஆகியவைதான் சிகிச்சை. இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது. ஆகவே சீக்கிரம் போவதே பாதி மருத்துவம். ஒருமுறை வந்தது மறுபடி வரக்கூடும். குணமான பிறகு கொழுப்புக் குறைந்த உணவை வாழ்நாள் முழுக்க மாற்றக் கூடாது.

நான்காம் படி: தண்ணீர்க் கிண்ணமும் சிறுநீரும்

இந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பைக் கல் அடிக்கடி வரும். கால்சியம் ஆக்ஸலேட், ஸ்ட்ரூவைட் என இரண்டு வகைக் கற்களே அதிகம். பெண் நாய்களுக்குப் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றைத் தொடர்ந்து ஸ்ட்ரூவைட் உருவாகும். அதைத் தனி உணவாலும் ஆன்டிபயாட்டிக்காலும் கரைக்க முடியும். கால்சியம் ஆக்ஸலேட் கரையாது. வெளியே எடுத்தாக வேண்டும், எடுத்தாலும் மறுபடி வரும். ஆகவே எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பி என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்தே பின்னால் கொடுக்கும் உணவு அமையும். நாமாகவே கால்சியம் டானிக்கோ வைட்டமின் சி மாத்திரையோ கொடுப்பது ஆக்ஸலேட் கல்லுக்கு வழி வகுக்கும்.

தடுக்கும் வழி எளிது: சிறுநீர் நீர்த்துப் போக வேண்டும், தேங்கக் கூடாது. உலர் உணவில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் கிண்ணம் வையுங்கள். அடுக்குமாடி வீடுகளில் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை மட்டும் கீழே கூட்டிப்போகும் வழக்கம் ஷ்னாசருக்கு ஆகாது. நாளுக்கு நான்கு முறையாவது கூட்டிப்போக வேண்டும்.

அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போவது, இரத்தம் கலந்து போவது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது கல்லின் அறிகுறிகள். ஆண் நாய் முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் கல் குழாயை அடைத்திருக்கிறது. அது உயிருக்கு ஆபத்தான நிலை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சர்க்கரை நோயும் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் முதலில் தெரியும். ஒரு நாய் நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி குடிக்கும். 100 மில்லியைத் தாண்டினால் கோளாறு. ஏழு கிலோ நாய் 700 மில்லிக்கு மேல் குடிக்கிறதா என்று அளவுக் குவளையில் ஊற்றி ஒருநாள் கணக்கெடுத்துப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் சந்தேகம் வலுக்கிறது. நோய் உறுதியானால் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டோடு இன்சுலின். ஊசியை நினைத்து அஞ்ச வேண்டாம், சில நாட்களில் உங்களுக்கும் நாய்க்கும் பழகிவிடும். நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரையும் வரும் என்பதால் கண்ணையும் காட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: தோல், காது, பல்

முதுகெலும்பை ஒட்டிக் கரும்புள்ளியும் சிறு கொப்புளமும் தட்டுப்பட்டால் அது ஷ்னாசருக்கே உரிய காமிடோன் கோளாறு. மயிர்க்கால்கள் அடைத்துக்கொள்வதால் வருவது. பிதுக்கக் கூடாது, தொற்று உள்ளே இறங்கும். மருத்துவர் சொல்லும் பென்சாயில் பெராக்சைடு ஷாம்பு போட்டு பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் தேய்க்கும் பழக்கத்தை இந்த நாயிடம் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அடைத்திருக்கும் தோலை எண்ணெய் மேலும் அடைக்கும். நக்கினால் அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குத்தான் போகும்.

சாப்பிட்டதும் தாடியை ஈரத்துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை காதை முகர்ந்து பாருங்கள், நாற்றம் வந்தால் தொற்று. தினமும் பல் துலக்க முடிந்தால் மிக நல்லது; நாய்க்கான பேஸ்ட்தான், நம்முடையது வேண்டாம். உண்ணிகளுக்கு மாதாமாதம் மருந்து தவறக் கூடாது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் நிறைய.

ஆறாம் படி: கண்ணும் இதயமும்

பரம்பரைக் கண்புரை குட்டியிலேயே தொடங்கலாம். விழித்திரை படிப்படியாகத் தேயும் நோயில் முதலில் இருட்டில் தடுமாறும். வயதான ஷ்னாசர், குறிப்பாகப் பெண் நாய், திடீரென மயங்கி விழுந்து சில நொடிகளில் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் போனால், இதயத் துடிப்பை இயக்கும் முடிச்சில் கோளாறு இருக்கலாம். முடிந்தால் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள், வலிப்பா மயக்கமா என்று பிரித்தறிய அது பெரிதும் உதவும். இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். கடுமையான நிலைக்கு பேஸ்மேக்கர்தான் தீர்வு.

இனிமேல்தான் குட்டி வாங்கப்போகிறீர்கள் என்றால், பெற்றோர் நாய்களின் கண் பரிசோதனையையும், தசை இறுக்க நோயான மயோடோனியாவுக்கான மரபணுப் பரிசோதனையையும் கேளுங்கள். சாப்பிட்டதும் மந்தமாகி, சுவரை வெறித்துக்கொண்டு நிற்கும், வளராத குட்டிக்குக் கல்லீரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் பிறவிக் குறை இருக்கலாம். பித்த அமிலப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு சிறு நோட்டில் மாதாந்திர எடை, ட்ரைகிளிசரைடு அளவு, கொடுக்கும் உணவு, மருந்து ஆகியவற்றை எழுதி வாருங்கள். புதிய மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டு பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். கணைய அழற்சியும் சிறுநீர் அடைப்பும் நேரம் பார்த்து வருவதில்லை. உங்கள் ஊரில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அதன் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.