சிசுவின் நோவும் செவிலியர் கடமையும்

கொல்லிமலையிலே வாழவந்தி நாட்டில் ஊழியஞ்செய்து 1929-இல் மறைந்த ஜெஸ்ஸி பிராண்டு அவர்களின் மைந்தர் பால் பிராண்டு, 1914-இல் அம்மலையிற் பிறந்தவர். வேலூரிலே குட்டநோயாளரின் புண்களை ஆராய்ந்த இவர், நோவை உணராமையே அவற்றிற்குப் பெருங்காரணமெனக் காட்டினார். நோவு உடலின் காவலாளன் என்பது இவர் துணிபு. அக்காவலன் கூவுங்கால் கேட்பார் வேண்டுமன்றோ?

சிசுவின் நரம்புகள் முற்ற வளராதவை, ஆதலின் அது நோவறியாது என மருத்துவர் பலர் 1980-ஆம் ஆண்டுகள் வரையிலும் கருதினர். அசையாதிருக்க மருந்தளித்து, நோவடக்கும் மருந்தைச் சிறிதே ஈந்து, மார்பையும் அறுத்தனர்! இந்தியரான ஆனந்த் என்னும் மருத்துவர் ஆக்ஸ்போர்டிலே குறைமாதச் சிசுக்களிடம் ஆராய்ந்து, நோவடக்கி பெற்றவை அறுவைக்குப்பின் நன்கு தேறினவென 1987-இல் வெளியிட்டார்.

ஆயினும் தொட்டிலருகே இரவும் பகலும் நிற்பவள் செவிலியே. கானடா நாட்டுச் செவிலியரான பானி ஸ்டீவன்ஸ், செலஸ்ட் ஜான்ஸ்டன் முதலியோர் 1996-இல் ஓர் அளவையை வகுத்தனர். புருவம் புடைத்தல், கண்ணை இறுக்குதல், மூக்கோரம் மடிதல், நாடித் துடிப்பு, இரத்தத்திலுள்ள பிராணவாயு இவற்றோடு, கருவிலிருந்த வாரங்களையும் உறக்க விழிப்பு நிலையையும் அது கணக்கிடும். வாரங்கள் எதற்கெனின், மிகக் குறைமாதக் குழவி அழவும் வலியற்றுக் கிடக்கலாம். அதன் மௌனத்தைச் சுகமென்று கொள்ளலாகாது.

குதிகாலிற் குத்தி இரத்தமெடுக்குங்கால் தாய் முலையூட்டினாலும், மார்போடு அணைத்திருந்தாலும் நோவு குறையும். இதற்குப் பொருட்செலவு இல்லை. "சற்றுப் பொறுங்கள் ஐயா, தாயை அழைத்து வருகிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லும் துணிவே செவிலிக்கு வேண்டுவது.