எழுத்தறிவிப்போர் கற்கும் பாடம்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. எழுத்துத் தொன்மை வாய்ந்த இம்மண்ணில் எழுத்தறியாமையைப் போக்க 1991இல் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஊதியம் பெறாத தொண்டர்கள் கற்பித்தனர். கல்லுடைக்கும் பெண்களும் கற்றனர், மிதிவண்டியும் பழகினர். ‘பட்டா’ எனும் சொல் அவ்வியக்கத்தின் தொடக்கப் பாடத்தில் இடம்பெற்றது. நிலமற்றோர்க்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாழ்வோடு இணைந்த எழுத்தே நிலைக்கும் என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

தொண்டும் பயிற்சியும்

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர், மதீனத்துச் சிறுவர் பதின்மர்க்கு எழுத்துக் கற்பித்தலே அவர்தம் விடுதலைக்கு ஈடாக ஏற்கப்பட்டது என்பர் இசுலாமிய வரலாற்றார். நம் காலத்தில், 1969இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டமும் 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் தன்னார்வலரைக் குழந்தைகளிடம் கொண்டு சென்றன. ஆசிரியப் பயிற்சி மாணவர்க்கோ இத்தொண்டு பயிற்சியும் ஆகும். நிறைந்த வகுப்பறையில் நமக்குக் கேளாத குரல், திண்ணையில் ஒரு குழந்தையின் அருகமர்ந்தால் கேட்கும்.

கேட்டலே முதற்பணி

‘கொடி’ என்பதில் முதலெழுத்தின் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் குழந்தை ஈண்டுத் தடுமாறுதல் இயல்பே. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் ககரம் ஒன்று, ஒலி மூன்று. இத்தடுமாற்றங்கள் மடமையல்ல, எங்குத் தொடங்கவேண்டும் என்பதை நமக்குக் காட்டும் வாயில்கள்.

‘வந்தார்கள்’ என்பதை ‘வந்தாங்க’ எனப் படிக்கும் குழந்தை பொருளுணர்ந்தே படிக்கிறது. அதனைக் கடிந்து திருத்தினால், புரிந்துகொண்ட குழந்தையை வாய்மூடச் செய்துவிடுவோம். பொருளறிந்தமையைப் பாராட்டி, பின்னர் எழுத்துகளைச் சுட்டுதலே தகும். மாறாக, பாடம் முழுவதையும் தடையின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் இடையிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டல் வேண்டும். படித்ததா, மனப்பாடமா என்பது அப்போது விளங்கும்.

முடிவுரை

முகாம் முடிந்ததும் சான்றிதழோடு நாம் திரும்பிவிடின், பாதியில் நின்ற குழந்தை எழுத்தையும் இழக்கும். நம்மீது வைத்த நம்பிக்கையையும் இழக்கும். பத்துநாள் முகாமினும், ஆண்டு முழுதும் வாரம் இருமாலை ஒரே குழந்தையோடு இருத்தல் பயன் மிக்கது. பத்ருச் சிறையாளர் தந்த ஈடு நாட்கணக்கால் நிறைந்ததன்று. சிறுவர் கற்றமையால் நிறைந்தது. நம் கடனும், அக்குழந்தை முன்பின் அறியாத ஒரு பக்கத்தைத் தானே படித்துப் பொருள் சொல்லும் நாளில்தான் தீரும்.