அந்த எண்ணைப் போட்டது யார்?

ஜிஆர்பிசியில் மொத்தம் 17 ஸ்டேட்டஸ் கோடுகள். 0 என்றால் ஓகே, 16 என்றால் அன்ஆதென்டிகேட்டட். எங்கள் டீமுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டே வருகிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. இந்த எண்ணைப் போட்டது யார்? சர்வரில் நாம் எழுதிய நிரலா, கிளையன்ட் பக்கத்து லைப்ரரியா, நடுவில் இருக்கும் ப்ராக்ஸியா? அது தெரிந்தால் எந்த லாகைத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

3, 5, 6, 9, 10, 11, 15 ஆகிய ஏழையும் லைப்ரரி தானாக ஒருபோதும் உருவாக்காது. உதாரணமாக 5, நாட் ஃபவுண்ட் வந்தால், யாரோ ஒரு டெவலப்பர் அதை எழுதியிருக்கிறார். நெட்வொர்க்கைக் குடையாமல் நேரே சர்வர் நிரலுக்குப் போகலாம்.

14, அன்அவெய்லபிள் அப்படியல்ல. ப்ராக்ஸி 502, 503, 504 என்று எதைத் திருப்பினாலும், அதில் ஜிஆர்பிசி ஸ்டேட்டஸ் இல்லையென்றால் கிளையன்ட் லைப்ரரி அதை 14 ஆக்கிவிடும். 404 வந்தால் 12, அன்இம்ப்ளிமென்டட். அதனால் 12-ஐப் பார்த்ததும் ப்ரோட்டோ ஃபைலைத் திருத்தப் போகாதீர்கள். அந்த அழைப்பு சர்வர் லாகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ப்ராக்ஸியின் ரூட்டிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

2, அன்நோன் என்பதை நான் கோட் ரிவ்யூவில் விடுவதே இல்லை. கோ மொழியில் வெறும் எரரைத் திருப்பினாலும், பைத்தானில் எக்ஸெப்ஷனைப் பிடிக்காமல் விட்டாலும் இதுதான் போகும். அழைத்தவருக்கு அதிலிருந்து எதுவும் புரியாது. சரியான எண்ணைப் போட ஒரு வரி போதும்.

என்னை அதிகம் வேலை வாங்கியது 4, டெட்லைன் எக்ஸீடட். ஆர்டர் சேவை ஒன்றில் கிளையன்ட் லாகில் 4, அதே அழைப்புக்கு சர்வர் லாகில் 0. இரண்டுமே உண்மை: ஆர்டர் பதிவாகிவிட்டது, பதில் மட்டும் கெடு தாண்டி வந்தது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு ரீட்ரை செய்தால் ஒரே ஆர்டர் இரண்டு முறை விழும். ஆர்டருக்கு ஒரு ரெக்வெஸ்ட் ஐடியைக் கிளையன்டே உருவாக்கி அனுப்ப வேண்டும். டேட்டாபேஸில் அதற்கு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் வேண்டும். அதே ஐடி மறுபடி வந்தால் பழைய பதிலையே கொடுக்க வேண்டும். இதைச் செய்த பிறகுதான் ரீட்ரையை இயக்கினோம். டெட்லைனை 2 நொடியிலிருந்து 30-க்கு ஏற்றுவோம் என்ற யோசனை எப்போதும் வரும். நான் ஒப்புக்கொள்வதில்லை, சர்வரில் காத்துக்கிடக்கும் அழைப்புகள்தான் பெருகும். டெட்லைனே வைக்காமல் விடுவது அதைவிட மோசம். ஜிஆர்பிசி இயல்பாக எந்தக் கெடுவும் வைப்பதில்லை.

8, ரிசோர்ஸ் எக்ஸாஸ்டட் வந்தால் கூடவே வரும் மெசேஜைப் படியுங்கள். கோட்டா தீர்ந்தாலும் 8. இயல்பாக அமைந்த 4 எம்பி வரம்பைப் பதில் தாண்டினாலும் 8. முதலாவதற்குச் சற்றுப் பொறுத்து ரீட்ரை செய்யலாம். இரண்டாவதற்கு எத்தனை முறை முயன்றும் பயனில்லை. பதிலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கவோ ஸ்ட்ரீம் செய்யவோ வேண்டும்.

அலாரம் வைக்கும்போதும் கவனம் தேவை. அழைப்பு தோற்றாலும் ஹெச்டிடிபி ஸ்டேட்டஸ் பெரும்பாலும் 200 தான். உண்மையான எண் கடைசியில் வரும் ட்ரெய்லரில் இருக்கும். லோட் பேலன்சரின் 5xx கணக்கை மட்டும் பார்த்தால் எல்லாம் நலம் என்றே தெரியும். சர்வீஸ், மெத்தட், ஸ்டேட்டஸ் எண் என மூன்றாகப் பிரித்து எண்ணி, அதன்மேல் அலாரம் வையுங்கள்.