யாழினி என்று வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. யாழினி என்று பெயர் வைக்க ஆசை. “இப்போ ஊரெல்லாம் யாழினிதான், பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு நாலு பேர் இருப்பாங்க” என்கிறார் எங்கள் மதினி. பரவலான பெயரைத் தவிர்க்கத்தான் வேண்டுமா? ஒரு பெயர் எப்படித் திடீரென்று எல்லார் வீட்டுக்கும் வந்துவிடுகிறது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: குழந்தைக்கும் உங்களுக்கும் வாழ்த்துகள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் முதலாவதற்கும் விடை வந்துவிடும்.

ஒரு பெயர் பெருகினால் “சினிமாவைப் பார்த்து வைக்கிறார்கள்” என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் 1880 முதலான பெயர்க் கணக்கு இருப்பதால் இதைச் சரிபார்க்க முடிகிறது. அங்கே 1970 முதல் 1984 வரை பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைத்த பெயர் ஜெனிஃபர். ‘லவ் ஸ்டோரி’ படத்தின் நாயகி பெயர் அது என்பதால்தான் என்று பலர் நம்பினார்கள். ஆனால் படம் வந்தது 1970 டிசம்பரில். அந்த ஆண்டே பெயர் முதலிடத்தில் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஏறிக்கொண்டும் இருந்தது. பெயர் வழக்கங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் இதை எடுத்துக்காட்டினார். சினிமா வேகம் கூட்டலாம். பெரும்பாலும் அது ஏற்கெனவே ஏறுகிற பெயரில்தான் தொற்றிக்கொள்கிறது.

உண்மைக் காரணம் காது. ஒரே வயதுப் பெற்றோருக்கு முந்தைய தலைமுறையின் பெயர்கள் பழசாகத் தோன்றும். ஒரே மாதிரி ஒலிகள் புதிதாக இனிக்கும். ஒருவரை ஒருவர் கேட்காமலே பக்கத்துப் பக்கத்துப் பெயர்களை எடுக்கிறார்கள். இதை ஒலிக்குடும்பம் எனலாம்: எழுத்தில் வேறு வேறாக இருந்தும் ஒரே முடிவில் வந்து நிற்கும் பெயர்கள். ரித்திகா, தன்ஷிகா, யாஷிகா என்று அடுக்கிப் பாருங்கள். யாருக்கும் இல்லாத பெயர் என்று தேடி எடுத்தவர்கள்கூட இப்படி ஒரே கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இனி ‘வகுப்புக்கு நாலு பேர்’. 1880இல் அமெரிக்க ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஜான். 2023இல் அங்கே முதலிடம் பிடித்த லியாம், நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தேர்வுகள் பெருகியதால், முதலிடத்துப் பெயருக்கும் பங்கு சுருங்கிவிட்டது. உங்கள் பக்கத்திலும் உலகம்மாள், கோமதி, காந்திமதி என்று அம்மன் பெயர்களே தெருவுக்குத் தெரு இருந்த காலம் உண்டு.

யாழினியும் நூற்றுக்கு ஒருத்தி என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பில் 20 பெண்கள் இருந்தால், மற்ற 19 பேரில் இன்னொரு யாழினி இருப்பதற்கான நிகழ்தகவு, அதாவது அப்படி நேர்வதற்கான வாய்ப்பு, சுமார் 17 சதவீதம். ஆறு வகுப்புகளில் ஐந்தில் உங்கள் மகள் மட்டுமே யாழினி. நாலு பேர் சேர்வது மிக மிக அபூர்வம். ஆனால் பெயர்கள் ஊருக்கு ஊர் திரளும். ஆகவே நாட்டுக் கணக்கைவிட உங்கள் சுற்றுவட்டாரமே முக்கியம். அந்த அளவில் மதினி சொல்வதையும் காதில் வாங்குங்கள்.

மூன்று காரியம் செய்யுங்கள். சொந்தத்திலும் தெருவிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர்களை விசாரியுங்கள். யாழினியை அவற்றோடு சேர்த்து உரக்கக் கூப்பிட்டு, காதுக்குத் தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் இனிஷியலோடு எழுதிப் பாருங்கள். நம் ஊரில் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பதிந்த பிறகு, பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பலருக்கும் பிடித்த பெயர் என்பது அதை விட்டுவிடக் காரணம் ஆகாது. விசாரித்த பிறகும் யாழினியே மனதில் நின்றால், தயங்காமல் அதையே வையுங்கள்.