பிரிந்து வாழும் பெற்றோரில் மகனைக் கணக்கில் காட்டும் உரிமை யாருக்கு?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவரின் கணவர் 2025 மே மாதம் வீட்டை விட்டு வெளியேறி டெக்சாஸில் தனியே வசிக்கிறார், விவாகரத்து ஆகவில்லை. தாயுடன் இருக்கும் மகனுக்கு நவம்பரில் 17 வயது நிறைந்தது. பள்ளி நேரம் போக மளிகைக் கடையில் வேலை பார்த்து அவன் 6,000 டாலர் ஈட்டியிருக்கிறான். செலவுக்குப் பணம் அனுப்புவதால் மகனைத் தம் வரிக்கணக்கில் காட்டும் உரிமை தமக்கே என்கிறார் கணவர். 2025ஆம் ஆண்டுக்கான கணக்கை வாசகி எந்த நிலையில் தாக்கல் செய்யலாம்?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று தாக்கல் நிலை, அதாவது வரி விகிதத்தையும் கழிவையும் தீர்மானிக்கும் வகைப்பாடு. மற்றொன்று மகனை ‘டிபெண்டென்ட்’, அதாவது வரி செலுத்துபவரைச் சார்ந்து வாழ்பவர், எனக் காட்டும் உரிமை. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்கும் பொருத்திப் பார்ப்பதே பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணமாகிறது.

ஒருவர் திருமணமானவரா என்பதை டிசம்பர் 31 அன்றைய நிலையே முடிவு செய்வதால், விவாகரத்துத் தீர்ப்போ பிரிந்து வாழ்வதற்கான நீதிமன்ற ஆணையோ இல்லாத வாசகி, பொதுவிதிப்படி, கணவருடன் கூட்டாகவோ ‘திருமணமானவர், தனித் தாக்கல்’ என்ற நிலையிலோதான் தாக்கல் செய்ய முடியும். எனினும், ஆண்டின் கடைசி ஆறு மாதங்களில் கணவர் அந்த வீட்டில் வசிக்காமல், ஆண்டின் பாதிக்கு மேல் அவ்வீடே பிள்ளையின் முதன்மை இருப்பிடமாக இருந்து, வீட்டை நடத்தும் செலவில் பாதிக்கு மேல் மனைவியே ஏற்றிருந்தால், அவரை மணமாகாதவராகக் கருதி ‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்’ நிலையைச் சட்டம் அனுமதிக்கிறது. கணவர் மே மாதமே வெளியேறியதால் முதல் நிபந்தனை நிறைவேறுகிறது. அவர் ஆகஸ்டில் வெளியேறியிருந்தால் இந்த வழியே அடைபட்டிருக்கும்.

செலவுக் கணக்கில்தான் கவனம் தேவை. வாடகை அல்லது வீட்டுக்கடன் வட்டி, சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு, மின்சாரம், வீட்டில் உண்ணும் உணவு ஆகியவை இதில் சேரும். உடை, கல்வி, மருத்துவச் செலவுகள் சேரா. வாடகையை வீட்டு உரிமையாளருக்குக் கணவரே நேரடியாகச் செலுத்தி, அதனால் மொத்தத்தில் வாசகியின் பங்கு பாதியைத் தாண்டாமல் போனால், மகனைக் காட்டும் உரிமை அவரிடமே இருந்தாலும் இந்நிலை கிடைக்காது. 2025இல் இந்நிலைக்கான நிலையான கழிவு 23,625 டாலர். தனித் தாக்கலுக்கோ 15,750 டாலர்தான். கூட்டுத் தாக்கலில் 31,500 டாலர் கழிவு கிடைத்தாலும், கணவர் தம் வருமானத்தை மறைத்திருந்தால் அதற்கான வரிக்கும் அபராதத்துக்கும் மனைவியும் பொறுப்பாளியாவதால், உறவு முறிந்த நிலையில் அது விரும்பத்தக்கதன்று.

மகனைப் பொறுத்தவரை, ஆண்டு முடிவில் 19 வயதுக்கு உட்பட்டவனாக (முழுநேர மாணவனாயின் 24), பாதி ஆண்டுக்கு மேல் உடன் வசித்தவனாக, தன் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்காதவனாக இருப்பவனே ‘தகுதியுள்ள பிள்ளை’. பிள்ளை தன்னைத் தானே பராமரித்துக்கொண்டானா என்று மட்டுமே சட்டம் கேட்கிறதேயன்றி, பெற்றோரில் யார் அதிகம் அனுப்பினார் என்று கேட்பதில்லை. ஆகவே பாதி ஆண்டுகூட மகனுடன் வசிக்காத கணவரின் வாதம் நிற்காது. 6,000 டாலர் ஊதியமும் தடையன்று. அதில் அவன் சேமித்த பகுதி பராமரிப்பாகவே கணக்கிடப்படுவதில்லை.

ஆயினும் 17 வயது நிறைந்துவிட்டதால் 2,200 டாலர் பிள்ளை வரிச்சலுகை கிடைக்காது. பிற டிபெண்டென்ட்டுகளுக்கான 500 டாலர் சலுகையே கிடைக்கும். கணவர் வற்புறுத்துவது இந்தத் தொகைக்காகவே எனில், 8332ஆம் படிவத்தில் கையெழுத்திட்டு அதை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதைவிடப் பன்மடங்கு பயன்தரும் தாக்கல் நிலையை வாசகி தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அந்நிலை படிவத்தோடு கைமாறுவதில்லை.

பிடித்த வரியைத் திரும்பப் பெற மகன் தனியே தாக்கல் செய்தால், தன்னை வேறொருவர் டிபெண்டென்ட்டாகக் காட்டக்கூடும் என்ற கட்டத்தில் அவன் குறியிட வேண்டும். மகனைக் கணவர் முந்திக்கொண்டு காட்டியிருந்தால் வாசகியின் மின்னணுத் தாக்கல் நிராகரிக்கப்படலாம். வரித்துறை வழங்கும் அடையாளப் பாதுகாப்பு எண்ணைச் சேர்த்து மீண்டும் அனுப்பலாம், அல்லது தாளில் அனுப்பலாம். பின்னர் விசாரணைக் கடிதம் வரக்கூடும் என்பதால், மகனின் முகவரியைக் காட்டும் பள்ளிப் பதிவுகளையும் மருத்துவமனை ஆவணங்களையும் வாடகை ரசீதுகளையும் இப்போதே திரட்டி வைத்துக்கொள்வது நல்லது.